பன்னிரண்டு மரக்கால்

திருத்துறைப்பூண்டியில் பாரம்பரிய நெல் ரகங்களைப் பார்க்கப் போன இடத்தில் நெல் அளக்கும் ஒரு பழைய மரக்கால் கைக்குக் கிடைத்தது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஒரு கலம் நெல்லை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேர் என எப்படிப் பங்கிட்டாலும் மரக்கால் உடையாது. பத்தாக இருந்தால் மூன்று பேருக்கே இடிக்கும். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) 12க்கு உண்டு. இத்தகைய எண்களைத்தான் நம் கும்பகோணத்து ராமானுஜன் 1915இல் வெளியான நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அவர் தந்த பட்டியலில் 102 எண்கள். கடைசி எண் 67,46,32,83,88,800. அதற்கு வகுத்திகள் 10,080, ஒரு வாரத்தில் எத்தனை நிமிடமோ அத்தனை! ஆனால் என் மனம் நிற்பது வேறோர் இடத்தில். கணிப்பொறி இல்லாத காலத்தில் போட்ட அந்தப் பட்டியலில் 2,93,31,86,25,600 என்ற எண் விடுபட்டுப்போயிற்று. எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை அந்த ஒரு விடுபடல்தான் எனக்குக் காட்டியது. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண்ணே வந்து நிற்கிறது. வீட்டில் பள்ளிப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, தாளில் எழுதி, இன்றே பெருக்கிப் பாருங்கள்.