முன்பாரம் தெரிந்த ஊரில் பின்பாரம் ஏற்றுகிறோம்

போன சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, எங்கள் நண்பர் ஒருவரின் மாருதி 800 திரியாயில் வைத்து நின்றுபோனது. என்ஜின் ஜாம். திருகோணமலையில் இருக்கிற கராஜுக்குக் கொண்டுபோக வேணும், நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். ரிக்கவரி லொறி பிடிக்கக் கையில் காசு இல்லை. தெரிந்த ஒருவரிடம் ட்ரெய்லர் இருந்தது, இன்னொருவரிடம் டபிள் கெப் இருந்தது. கார் வளவுக்குள் எப்படி நின்றதோ அப்படியே பின்பக்கமாகத் தள்ளி ஏற்றினோம். மீன்பிடிக்குப் பாவிக்கிற நைலோன் கயிற்றால் பம்பரில் கட்டினோம். "கயிறு இருக்கு தானே, மெதுவாப் போனால் சரி" என்றார் ஒருவர். அவ்வளவுதான் எங்களுடைய பாதுகாப்பு ஏற்பாடு.

குச்சவெளி தாண்டி நேரான காபெட் ரோட்டில் வேகம் 60ஐத் தொட்டது. ட்ரெய்லர் முதலில் லேசாக அசைந்தது. பிறகு இடமும் வலமுமாகப் பாம்பு போல ஆடத் தொடங்கியது. கெப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. எதிரே மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பம், நடுவில் சின்னப் பிள்ளை. அவர்கள் றோட்டை விட்டு மணலுக்குள் இறங்கித்தான் தப்பினார்கள். எங்கள் ஓட்டுநர் பிரேக்கை அமத்தாமல், அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். வேகம் குறைய ஆட்டமும் அடங்கியது. அவர் பயத்தில் பிரேக் அடித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நாங்கள் இருந்திருப்போமோ தெரியாது.

பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்த ஐயா ஒருவர் எழும்பி வந்து ட்ரெய்லரைச் சுற்றிப் பார்த்தார். "தம்பிமார், முன்பாரமே இல்லாமல் ஏத்தியிருக்கிறியள். மாட்டு வண்டில் எண்டால் இந்நேரம் மாடு தூக்கில தொங்கியிருக்கும்" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் முழுப் பாடமும் இருந்தது. வண்டிலில் பாரம் அச்சுக்குப் பின்னால் கூடினால் நுகம் மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் அளவுக்கு மிஞ்சினால் மாட்டின் பிடரி தாங்காது. ஆகவே கொஞ்சம் முன்பாரம் வைத்துத்தான் மூட்டை அடுக்குவார்கள். ட்ரெய்லருக்கும் இதே கணக்குத்தான், நுகத்துக்குப் பதில் கொழுக்கி, அவ்வளவே. மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கொழுக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பொதுவாகச் சொல்லும் அளவு. பிரித்தானியாவில் 5 முதல் 7 வீதம் என்பார்கள். அளவு நாட்டுக்கு நாடு மாறினாலும், பாரம் முன்னுக்கு இருக்க வேணும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோ. என்ஜின் முன்னால் இருப்பதால் பாதிக்கு மேற்பட்ட பாரம் முன்சில்லுகளில்தான் இருக்கும். நாங்கள் அதைப் பின்பக்கமாக ஏற்றியபோது அந்தப் பாரம் முழுவதும் ட்ரெய்லரின் வாலுக்குப் போய்விட்டது. வால் கனத்த ட்ரெய்லர் மெதுவாகப் போகும்போது ஒன்றும் காட்டாது. ஒரு வேகத்தைத் தாண்டியதும், சின்ன அசைவு கூட அடங்காமல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெருகும். மெதுவாகப் போவது நல்லதுதான். ஆனால் பிழையாக ஏற்றிய பாரத்தை அது சரியாக்காது.

கயிற்றிலும் எங்கள் பிழைதான். நைலோன் கயிறு இழுபடும், ஐந்து கிலோமீற்றர் ஓடினதும் தளர்ந்துவிடும். பம்பர் இழுவையைத் தாங்கச் செய்த பொருள் அல்ல. லொறிக்காரர் பாவிக்கிற ரச்சட் பெல்ட் நாலு மூலைக்கும் வேணும், ஒவ்வொன்றும் சில்லை அல்லது சேசிஸைப் பிடித்திருக்க வேணும். ஹான்ட் பிரேக் போட வேணும். புறப்பட்டுக் கொஞ்சத் தூரத்தில் நிறுத்தி, இறங்கி, மறுபடி இறுக்க வேணும். கொழுக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்ட வேணும். கொழுக்கி கழன்றாலும் ட்ரெய்லரின் மூக்கு றோட்டில் குத்தாமல் சங்கிலியில் விழுந்து தாங்கும்.

இதெல்லாம் கார் ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் கார் ட்ரெய்லர் அபூர்வம், லான்ட்மாஸ்டர் பெட்டி வீட்டுக்கு வீடு. நெல் மூட்டை, விறகு, வலை, என்ஜின், திருவிழாவுக்குப் போகும் சனம் என எல்லாம் அதில்தான். பின்னால் லைற் இல்லாமல், இருட்டில், கறுத்த றோட்டில் போகிற பெட்டியை எத்தனை பேர் கடைசி நொடியில் கண்டு விலத்தியிருக்கிறோம்?

முந்தி இந்த றோட்டில் பாலங்களுக்குப் பதில் பாதையில் ஏறி ஆறு கடந்தார்கள். பள்ளமும் மணலுமான வழியில் ஒருவரும் வேகமாகப் போக முடியாது. இப்போது பாலம் வந்தது, காபெட் வந்தது, பின்னால் வருகிற பைக் 80இல் வருகிறது. பெட்டி மட்டும் பழைய றோட்டின் பெட்டியாகவே இருக்கிறது. எங்கள் கோபம் இதில்தான்.

"காசுக்கு எங்க போறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நெல் விலை விழுந்த போகத்தில் லைற் வாங்கு என்று ஒரு கமக்காரனிடம் எங்களால் சொல்ல முடியாது. ஆனால் காரைத் திருப்பி ஏற்ற ஒரு ரூபாயும் செலவில்லை. கனமான மூட்டையை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைக்கவும் செலவில்லை. ஒளி தெறிக்கிற ஸ்டிக்கர் பெரிய விலை இல்லை. மிச்சத்துக்கு ஒரு யோசனை: நாலு ரச்சட் பெல்ட், இரண்டு சங்கிலி, கழற்றி மாட்டக்கூடிய ஒரு லைற் பலகை. இவ்வளவையும் கமக்காரர் அமைப்பு பொதுவில் வாங்கி வைக்கலாம். தேவைப்படுகிறவர் சிறு வாடகைக்கு எடுத்துப் போகட்டும். ட்ரெய்லர் வாடகைக்குக் கொடுக்கிறவர்களும் "சங்கிலி இல்லாமல் தரமாட்டேன்" என்று ஒரு சொல் சொல்லட்டும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தில் கை உழவு இயந்திரத்துக்கு ஜி1 என்று தனி வகுப்பே இருக்கிறது. பாரத்தை எப்படி ஏற்றுவது என்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரக்கூடிய ஆட்களோ ஊரில்தான் இருக்கிறார்கள். வண்டில் ஓட்டிய கடைசித் தலைமுறை இன்னும் தேநீர்க் கடையில் இருக்கிறது. நாங்கள்தான் போய்க் கேட்கவில்லை.

அன்று ஐயா சொன்னபடி காரை இறக்கி, திருப்பி, முன்பக்கம் கெப்பைப் பார்க்க ஏற்றினோம். லொறிக்காரர் ஒருவர் பெல்ட் தந்து உதவினார். நிலாவெளி வரை ட்ரெய்லர் ஒருக்காலும் ஆடவில்லை. மணலுக்குள் இறங்கிய அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கத்தான் நேரம் கிடைக்கவில்லை, நாங்கள் நின்று இறங்குவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். இந்த றோட்டில் ட்ரெய்லர் இழுக்கிற எல்லோரும் புறப்பட முன்பு அவர்களை ஒருக்கால் நினைக்க வேணும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.