சிதம்பரத்தில் முதல் வேலை எது?

நடராஜர் கோவிலுக்குள் தண்ணீர் புகுந்தது! பக்தர்கள் பிரகாரத்தில் தேங்கிய தண்ணீரில் நடந்து போய் சாமி கும்பிட்டார்கள். இது நடந்தது 2020 டிசம்பர் முதல் வாரத்தில். புரெவி புயல் கரையைத் தாண்டாமல் கடலிலேயே நின்று கொட்டித் தீர்த்தது. சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 சென்டி மீட்டருக்கும் மேல் மழை!

இவ்வளவு மழை பெய்தால் எந்த ஊரிலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். ஆனால் மழை விட்ட பிறகும் அது ஏன் வடியவில்லை?

கோவிலில் விழும் மழைத் தண்ணீர் வெளியேற, பூமிக்கு அடியில் ஒரு கால்வாய் உண்டு. கோவிலில் இருந்து வடக்கே தில்லைக் காளியம்மன் கோவில் குளம் வரை போகிறது. அது சோழர் காலத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்து மனிதர்கள் முதலில் தண்ணீர் போக வழி வெட்டினார்கள். பிறகுதான் கல்லை அடுக்கினார்கள். அந்த வழி இன்று தூர்ந்து கிடக்கிறது. அதன் மேலே வீடுகள், கடைகள், தெருக்கள்.

பேரிலேயே தண்ணீர்

தில்லை என்பது சதுப்பு நிலத்து மரம். இன்றும் பிச்சாவரத்துக் காட்டில் அந்த மரத்தைப் பார்க்கலாம். அந்த மரத்தின் பேரைக் கொண்ட ஊர் மேட்டு நிலமாகவா இருக்கும்? வடக்கே வெள்ளாறு. தெற்கே கொள்ளிடம். கிழக்கே சிறிது தூரத்தில் கடல். நடுவே தட்டையான பூமி. தண்ணீர் தானாக ஓடும் சரிவு மிகவும் குறைவு.

ஆகவேதான் பெரியவர்கள் ஊரைச் சுற்றிக் குளம் வெட்டினார்கள். ஞானப்பிரகாசம் குளம், இளமையாக்கினார் குளம், நாகச்சேரி குளம், ஓமக்குளம் என்று பேர் சொல்லிக்கொண்டே போகலாம். சாமி குளிக்கவும் தெப்பம் விடவும் மட்டுமா இத்தனை குளம்? மழை கொட்டும்போது தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளவும்தான். பிற்காலத்தில் கரையெல்லாம் வீடாயிற்று. வரத்து வாய்க்கால் சாக்கடை ஆயிற்று. அண்மைக் காலத்தில் சில குளங்களின் கரைகளில் இருந்த வீடுகளை அகற்றித் தூர் வாரினார்கள். நல்ல காரியம். குடியிருந்த ஏழைகளுக்கு மாற்று இடம் கொடுப்பதும் அதே வேலையில் ஒரு பகுதிதான். ஆனால் வாய்க்கால் அடைத்துக் கிடந்தால், குளத்தை மட்டும் ஆழப்படுத்தி என்ன பயன்? மழைத் தண்ணீர் தெருவில் நிற்கும். குளம் பாதி காலியாக இருக்கும்!

கேட்பதற்கு ஆள் இல்லை

2020-இல் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மக்கள் யாரிடம் போய்ச் சொன்னார்கள்? கவுன்சிலரிடமா? அப்போது கவுன்சிலரே கிடையாது! தமிழ்நாட்டு நகரசபைகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் எந்தத் தெரு முக்கில் எந்த அடைப்பு என்பது அந்தத் தெருவில் ஓட்டுக் கேட்டவருக்குத்தான் தெரியும். சிதம்பரம் 1873 முதல் நகரசபையாக இருக்கும் ஊர். அதற்கே இந்த நிலை.

இப்போது வரிக்கு வருவோம். 2022-இல் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம். 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம், அதாவது இரண்டு மடங்கு. வரி உயர்ந்தால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் "ஏன் வாங்கினாய்?" என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. "முதலில் எதற்குச் செலவு செய்தாய்?" என்றும் கேட்க வேண்டும்.

விளக்கு வேண்டாமா, சாலை வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். ஆனால் வடிகால் இல்லாமல் போட்ட தார்ச்சாலை எத்தனை மழைக்குத் தாங்கும்? இரண்டு மழையில் குழி விழும். மறுபடியும் தார், மறுபடியும் பில்! அலங்கார வளைவு கட்டினால் எல்லோர் கண்ணிலும் படும். பூமிக்குள் இருக்கும் வாய்க்காலுக்குத் திறப்பு விழா ஏது? அதனால்தான் அது எப்போதும் கடைசி வேலை ஆகிறது. முதல் வேலையாக இருக்க வேண்டியது அதுதான்.

சாலை விஷயத்தில் இன்னொன்று. பழைய சாலையின் மேலேயே புதுச்சாலை போட்டுக்கொண்டே போனால் தெரு உயரும், வீடு பள்ளமாகும். வாசற்படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போகிறார்கள்! பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். தெருவில் தார் போட வரும்போது வீட்டில் இருக்கும் பெண்களே இதைக் கவனித்துக் கேட்கலாம். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

எல்லை யாருக்கு?

2011 கணக்கெடுப்பில் சிதம்பரத்தின் ஜனத்தொகை 62,153. நகரசபை எல்லை சிறியது. ரெயில் பாதைக்குக் கிழக்கே பல்கலைக்கழகம் உள்ள அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. மற்றப் பக்கங்களில் கிராம ஊராட்சிகள். புது நகர்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு வெளியே வயலில்தான் எழும்புகின்றன. வீட்டு மனை போட்டவர் வாய்க்காலை மூடிவிட்டால், தண்ணீர் நகரத்துக்குள் திரும்புகிறது. நகரசபை "அது எங்கள் எல்லை இல்லை" என்கிறது. ஊராட்சியோ "எங்களிடம் பணம் இல்லை" என்கிறது. தண்ணீருக்கு எந்த எல்லை தெரியும்?

ஹாலந்து நாட்டில் பாதி நிலம் பள்ளம். அங்கே 13-ஆம் நூற்றாண்டிலேயே தண்ணீருக்கென்று தனிச் சபை அமைத்தார்கள். இன்று அப்படி 21 சபைகள் உண்டு. அவற்றுக்குத் தேர்தல் உண்டு. தனி வரியும் உண்டு. ஊர் எல்லையைப் பார்க்காமல், தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்து எல்லை வகுத்திருக்கிறார்கள். சிதம்பரத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். நகரசபை, அண்ணாமலை நகர், சுற்று ஊராட்சிகள், பொதுப்பணித் துறை எல்லோரும் ஒரே வரைபடத்தை மேஜையில் விரித்து உட்கார்ந்தாலே போதும்.

கடலூர் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பேர் பெரிதாயிற்று. ஆனால் 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டி மீட்டர் மழை கொட்டி, மாவட்டமே தத்தளித்ததை யாரும் மறக்கவில்லை. பேர்ப் பலகையை மாற்றுவதால் வாய்க்கால் அகலமாகிவிடாது.

நகரங்களில் வார்டுகளைப் பிரித்துப் பகுதி சபை கூட்டும் வழக்கம் 2022 நவம்பர் 1 முதல் வந்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போகட்டும்: "எங்கள் தெருத் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது? வழியில் எங்கே அடைப்பு?" கூட்டம் கூடும் வரை வேலை காத்திருக்கவும் வேண்டாம். ஐப்பசி பிறந்த பிறகு தூர் வாரினால், வாரிய மண் கரையிலேயே கிடக்கும். அடுத்த மழை அதை மறுபடியும் உள்ளே தள்ளிவிடும். ஆவணியிலேயே மண்வெட்டி இறங்க வேண்டும்.