ஓடாத வண்டி நல்ல வண்டி அல்ல

பிரிட்டனில் பழைய மோட்டார்ஹோம் விற்பனைக்கு வரும் விளம்பரங்களில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்: வயது இருபத்தைந்து, ஓடியது வெறும் 30,000 மைல். விற்பவர் அதைப் பெருமையோடு சொல்கிறார். வாங்குபவர் அதற்கென்றே விலையைக் கூட்டிக் கொடுக்கிறார். குறைவாக ஓடியது தேயாதது, தேயாதது நல்லது என்ற இந்த நம்பிக்கை நம் ஊர்ப் பழைய கார் சந்தையிலும் வேரூன்றியதுதான். ஆனால் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் குடும்பமும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கும் டீசல் வண்டிக்கு இது உயிரோடு விளையாடும் நம்பிக்கை. வாங்குபவரை ஏமாற்றுவதோடு அது நிற்பதில்லை. பழுது வரும்போது மெக்கானிக்கையும் தவறான இடத்தில் தேட வைக்கிறது.

ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதி சரக்கு வேன்களின் மேல் கட்டப்பட்டவை. இத்தாலியின் அட்டெஸா ஆலையில் 1981 முதல் தயாராகும் ஃபியட் டுகாட்டோவும் அதன் உடன்பிறப்புகளான பெஜோ, சிட்ரோயன் வேன்களும் இதில் முதன்மையானவை. பழையவற்றில் 1.9, 2.5, 2.8 லிட்டர் டீசல் எஞ்சின்கள் இருக்கும். அதே எஞ்சின் ஒரு பார்சல் வேனில் இருந்தால் ஒரு லட்சம் மைலைச் சாதாரணமாகத் தாண்டும். இருபத்தைந்து ஆண்டில் 30,000 மைல் என்றால் ஆண்டுக்கு 1,200 மைல். பிஸ்டனும் ரிங்கும் கியரும் ஓட ஓடத் தேயும் என்பதை யாரும் மறுக்க முடியாது. மைல் கணக்கு அந்தத் தேய்மானத்தைத்தான் சொல்கிறது. ஆனால் மோட்டார்ஹோமின் ஆயுளுக்குள் அந்தத் தேய்மானம் பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை. அந்த வண்டியைக் கெடுப்பவை துரு, ஈரம், காய்ந்துபோன ரப்பர், தேங்கிக் கெட்ட டீசல். இந்த நான்கையும் அளக்க டேஷ்போர்டில் மீட்டர் கிடையாது.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். தினமும் ஓடும் வண்டியில் டிஸ்க்கில் படியும் துருவை பேடே தேய்த்து எடுத்துவிடும். காலிப்பர் பிஸ்டன் அசைந்துகொண்டே இருப்பதால் இறுகாது. அக்டோபரில் நிறுத்தி ஏப்ரலில் எடுக்கும் வண்டியில் பிஸ்டனும் ஸ்லைடு பின்னும் துருவேறிச் சிக்கிக்கொள்கின்றன. ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால் பின்சக்கர டிரம்மோடு ஷூ ஒட்டிக்கொள்கிறது. பிரேக் ஆயிலோ சும்மா இருக்கும்போதும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு அதே விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். வண்டி ஓடியதா, கொட்டகையில் நின்றதா என்பது அந்த ஆயிலுக்குப் பொருட்டே இல்லை.

இப்படிப்பட்ட ஆயிலோடு ஒருவர் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் ஏறி இறங்குகிறார் என்று வையுங்கள். உச்சி 2,757 மீட்டர். பிராட்டோ பக்கம் இறங்கினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியின் எடை ஏறத்தாழ மூன்றரை டன். பாதி வழியில் பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. கீழ் கியரில் இறங்காததன் விளைவு அது. பெடல் மெத்தென்று தரைவரை போய்விட்டால் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி நிரம்பிவிட்டது. அது காலத்தின் விளைவு. அந்த நொடியில் 30,000 மைல் என்ற எண் யாரையும் காப்பாற்றாது.

இந்த நம்பிக்கை பழுது பார்ப்பதை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஓடிவிட்டு நிறுத்தினால் ஒரு முன்சக்கரம் மட்டும் தகிக்கிறது. காலிப்பர் ஜாம் என்று முடிவுகட்டிப் புதிதாக மாற்றுகிறார்கள். சூடு தீரவில்லை. ரப்பர் ஹோஸை யாரும் சந்தேகிப்பதில்லை, குறைவாக ஓடிய வண்டியின் ஹோஸ் வெளியே புதிது போலவே தெரிவதால். அது உள்ளே வீங்கி, மிதிக்கும்போது ஆயிலை விட்டு, காலை எடுத்தபின் திரும்ப விடாமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்பேனரும் போதும். சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டபின் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் ப்ளீடர் நிப்பிளைச் சற்றே திறங்கள். ஆயில் பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் மேலே உள்ள அடைப்பால் அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. முதலில் ஹோஸைப் பாருங்கள். அப்போதும் சுற்றவில்லை என்றால்தான் காலிப்பர்.

பெடல் கல்லாக இருக்கிறதா? பெட்ரோல் எஞ்சினைப் போலன்றி, டீசல் எஞ்சினின் இன்டேக்கில் மிதியை எளிதாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் கிடைக்காது. அதற்கென்று தனி பம்ப் உண்டு. எஞ்சினை அணைத்துப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், குழாய், பூஸ்டர் என்ற வரிசையில் தேடலாம். சக்கரங்களை உருளைகள்மேல் சுற்றவிட்டு பிரேக்கை அளக்கும் சோதனையில் பின்சக்கரங்களில் ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால் அந்தப் பக்கத்து வீல் சிலிண்டரையோ ஷூவையோ பார்க்க வேண்டும். இரண்டுமே சமமாகப் பலவீனமாக இருந்தால், பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக்கை ஏற்றிக் குறைக்கும் வால்வின் கம்பி துருவேறி நின்றிருக்க வாய்ப்பு அதிகம். வண்டி அசையாமல் நின்ற குளிர்காலங்கள் செய்த வேலை அது. அதனால் முன்பிரேக்குகள் மொத்தப் பாரத்தையும் சுமந்து, மலையில் சீக்கிரம் சூடேறுகின்றன.

எஞ்சினிலும் இதே கதைதான். பல நாள் நின்ற வண்டி நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே எடுக்கிறது. தேயாத எஞ்சின் என்று நம்புகிறவர் உடனே பம்ப், நாசில் என்று பெரிய செலவுக்குப் போகிறார். உண்மையில் எங்கோ ஏர் எடுத்து, டீசல் தொட்டிக்குத் திரும்பி இறங்கியிருக்கும். ஹேண்ட் பிரைமரை அழுத்தி நிரப்பியபின் முதல் சுற்றிலேயே எடுத்தால் நோய் அதுதான். பம்புக்குப் போகும் வழியில் உள்ளே தெரியும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் குமிழிகள் கண்ணுக்கே தெரியும். காய்ந்து வெடித்த ரிட்டன் குழாய்களும் ஃபில்டர் சீலும் சில பவுண்டு விலைதான்.

பிக்கப் இல்லாமல் மேட்டில் இழுக்கத் திணறினால் ஃபில்டரைக் கழற்றி டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். ஐரோப்பிய டீசலில் ஏழு சதவீதம் வரை பயோடீசல் கலந்திருக்கலாம். அது ஈரத்தை ஈர்க்கும். தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அங்கே நுண்ணுயிர்கள் வளர்ந்து, கரிய சளியாக ஃபில்டரை அடைக்கும். வாராவாரம் தொட்டியை நிரப்பும் பார்சல் வேனில் இதற்கு நேரமே கிடைப்பதில்லை. புகையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போதவில்லை. எஞ்சினைப் பிரிக்கும் முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்; நின்ற வண்டிகளில் எலி கூடு கட்டியிருப்பது அரிதல்ல. குளிரில் டீசல் வாடையோடு வெண்புகை வந்தால் ஹீட்டர் பிளக்குகளை முதலில் சோதியுங்கள். அதற்குப் பிறகுதான் கம்ப்ரஷன். டைமிங் பெல்ட்டுக்கோ மைல் கணக்கோடு ஆண்டுக் கணக்கும் உண்டு. அதை மறந்து பெல்ட் அறுந்தால் தேயாத எஞ்சினின் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும்.

குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன், அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அது கெடுதலும்கூட. பத்து நிமிடத்தில் எஞ்சின் ஆயில் முழுச்சூட்டை எட்டாது. எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாததால் பிரேக்குக்கு எந்தப் பயனும் இல்லை. மாதம் ஒருமுறையாவது சாலையில் இறக்கி, முழுச்சூடு ஏறும்வரை ஓட்டி, பிரேக்கை நன்றாகப் பிடித்துப் பார்ப்பதுதான் பராமரிப்பு. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்.

வயதை மறந்து தேய்மானத்தை மட்டும் பார்த்ததன் விலையை பிரிட்டன் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2012 செப்டம்பரில் சர்ரே மாவட்டத்தின் ஹிண்ட்ஹெட் அருகே, இசைவிழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றி வந்த பேருந்தின் முன்டயர் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த டயரில் சட்டம் கேட்கும் அளவுக்குப் பட்டன் இருந்தது. ஆனால் அதன் வயது பத்தொன்பதைத் தாண்டியிருந்தது. மகனை இழந்த ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரி முதல் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்தாண்டு கடந்த டயர் போடுவது அங்கே தடைசெய்யப்பட்டது. தேயாத ரப்பரும் கொல்லும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. தனியார் மோட்டார்ஹோம் அந்தத் தடைக்குள் வரவில்லை. அதை வாங்குபவருக்கு இருக்கும் பாதுகாப்பு அவருடைய விழிப்பு மட்டுமே.

ஆகவே விற்பவரிடம் மைலை அல்ல, தேதிகளைக் கேளுங்கள். பிரேக் ஆயில் மாற்றியது எந்த ஆண்டு? ரப்பர் ஹோஸ்கள்? டைமிங் பெல்ட்? டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் எந்த வாரத்தை, எந்த ஆண்டைச் சொல்கின்றன? ஒவ்வொன்றுக்கும் ரசீது இருக்கிறதா? ஒரு லட்சம் மைல் ஓடி, ஆண்டுதோறும் பராமரித்த ரசீதுகளோடு நிற்கும் வண்டிக்கு அதிக விலை கொடுங்கள். ரசீது இல்லாத 30,000 மைல் வண்டிக்கு, மேலே சொன்ன அத்தனையையும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். பழுது பார்க்கையிலும் இதே ஒழுங்கு வேண்டும்: முதலில் காலம் கெடுத்தவற்றைச் சோதித்து முடியுங்கள், பிறகு ஓட்டம் தேய்த்தவற்றுக்குப் போங்கள். பழைய வண்டியில் குறைந்த மைல் ஒரு நற்சான்று ஆகாது. சோதனையை எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் முதல் நோய்க்குறி அது.