யாருடைய காசில் பிசினஸ் கிளாஸ்?

பழவேற்காடு ஏரியில் பிடிபடும் களி நண்டு, கொடுக்குகள் கட்டப்பட்டு, சென்னை வழியாக விமானம் ஏறி உயிரோடு சிங்கப்பூர் வரை போகிறது. அப்படிப் பறக்கும் விமானங்களின் முன்பகுதியில், படுக்கையாக விரியும் இருக்கைகளில், டிக்கெட் விலை கொடுக்காமல் சிலர் பயணம் செய்கிறார்கள். அவர்கள் கொடுத்தவை கிரெடிட் கார்டில் சேர்ந்த புள்ளிகள். கையிலிருந்து போனது வரியும் சில கட்டணங்களும் மட்டும். எந்த வங்கியின் கார்டை எங்கே தேய்த்தால் எத்தனை மடங்கு புள்ளி, அதை எந்த விமான நிறுவனத்தின் மைல்களாக மாற்றினால் லாபம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் இன்று நகரத்து நடுத்தர வர்க்கத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுக்கிறார். கெட்டிக்காரத்தனத்தில் குற்றமில்லை. ஆனால் இலவசம் என்று சொல்லப்படும் அந்த இருக்கைக்கும் ஒரு விலை இருந்தது. அதை யாரோ கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களில், அந்த ஏரி வட்டாரத்து எளாவூரில் ரொக்கத்தை நீட்டிச் சாமான் வாங்குபவரும் ஒருவராக இருக்கக்கூடும். அவருக்கு அது தெரியாது. கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியும் இல்லை. திருத்த வேண்டியது பயணியின் நடத்தையை அல்ல, இந்த ஏற்பாட்டை.

ஏற்பாடு எளிமையானது. கிரெடிட் கார்டில் 10,000 ரூபாய்க்குப் பொருள் விற்றால் கடைக்காரர் கணக்கில் 10,000 ரூபாய் வந்து சேர்வதில்லை. ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 200 ரூபாய் போலப் பிடித்துக்கொண்டு மீதிதான் வரும். எம்டிஆர் எனப்படும் இந்தப் பிடித்தத்தில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. கடையில் மிஷின் வைத்த வங்கியும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நிறுவனங்களும் மீதியைப் பிரித்துக்கொள்கின்றன. கார்டு கொடுத்த வங்கி தன் பங்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, விமான நிறுவனத்திடம் மைல்களை மொத்த விலைக்கு வாங்கி, வாடிக்கையாளருக்குத் தருகிறது. டெபிட் கார்டில் இந்த விளையாட்டு நடப்பதில்லை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கடைக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90 சதவீதம் என்று 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி அதற்கு உச்சவரம்பு வைத்தது. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் பிடித்தமே இல்லை என்று ஆனது. கிரெடிட் கார்டுக்கு மட்டும் அப்படி ஒரு வரம்பு கிடையாது. புள்ளிகள் கொழிப்பது வரம்பில்லாத அந்த இடத்தில்தான்.

இந்த 2 சதவீதத்தை வைத்து இரண்டு லட்சம் ரூபாய் இருக்கையை எப்படி வாங்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தாலும் கடைகளிடமிருந்து பிடிபடுவது 20,000 ரூபாய்தான். இடைவெளியை நிரப்புபவை இரண்டு. விற்காமல் போகக்கூடிய இருக்கையை விமான நிறுவனம் மலிவாகத் தள்ளிவிடுவது ஒன்று. தவணை தவறியவர்கள் கட்டும் வட்டி மற்றொன்று. மாதம் 3.5 சதவீதம், அதற்கு மேலும் வட்டி போடும் கார்டுகள் நம் நாட்டில் சாதாரணம். ஆண்டுக் கணக்கில் அது 42 சதவீதத்தைத் தாண்டும். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடும் புள்ளிக் கணக்கர், வங்கிக்கு அதிக லாபம் தராத வாடிக்கையாளர். அவரை வங்கி சீராட்டுவது, அவரைப் பார்த்துக் கார்டு வாங்கி, கட்ட முடியாமல் வட்டியில் மாட்டிக்கொள்பவர்களை நம்பித்தான். விமான நிறுவனங்களுக்கும் இது ஓரத்து வியாபாரம் அல்ல. கொரோனா காலத்தில் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியபோது, அந்தத் திட்டத்துக்குப் போடப்பட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். பங்குச் சந்தையில் அந்த நிறுவனத்துக்கே அப்போது அவ்வளவு விலை இல்லை.

கடையின் செலவு பொருளின் விலையில் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கார்டுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்று பெரும்பாலான கடைகள் வைப்பதில்லை. அதனால் கார்டின் செலவை ரொக்கம் கொடுப்பவரும் சேர்ந்தே சுமக்கிறார். புள்ளி மட்டும் கார்டுக்காரருக்குப் போகிறது. இதை அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பாஸ்டன் பெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்டு வருமானம் 20,000 டாலருக்குள் இருக்கும் குடும்பம் இந்த ஏற்பாட்டால் ஆண்டுக்குச் சராசரியாக 21 டாலர் இழக்கிறது. 1,50,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பம் 750 டாலர் பெறுகிறது. பின்னர் வந்த இன்னோர் ஆய்வு, கார்டு வைத்திருப்பவர்களுக்குள்ளேயே படிப்பும் வசதியும் குறைந்தவர்களிடமிருந்து கூடியவர்களுக்கு ஆண்டுக்கு 1,500 கோடி டாலர் இடம் மாறுகிறது என்று மதிப்பிட்டது. இந்தியாவில் பெறுபவர் கூட்டம் இன்னும் சிறியது. 140 கோடிப் பேர் வாழும் நாட்டில், புழக்கத்தில் இருந்த கிரெடிட் கார்டுகள் 2024 பிப்ரவரியில்தான் 10 கோடியைத் தாண்டின. ஒருவரே மூன்று நான்கு கார்டு வைத்திருப்பதைக் கழித்தால் ஆள் கணக்கு இன்னும் குறையும்.

எளாவூர் இதில் எங்கே வருகிறது? சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் அது. கிழக்கே ஏரியோரக் கிராமங்கள்; தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. மாதச் சம்பளம் வாங்கும் இன்ஜினீயரும், அன்றன்றைக்குப் பிடித்த இறாலையும் மடவையையும் விற்றுக் காசு பார்க்கும் மீனவரும் இந்த வட்டாரத்தில் ஒரே கடைத்தெருவுக்குத்தான் வருகிறார்கள். மிக்சியும் செல்போனும் மோட்டார் பைக்கும் இருவருக்கும் ஒரே விலை. கடையில் கிரெடிட் கார்டு தேய்ப்பவர் குறைவு என்பதால் இன்று மீனவர் தலையில் விழும் பங்கு சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்து, கடையில் ஒட்டியிருக்கும் அதே கியூஆர் அட்டையில் கடனாகச் செலவழிக்க முடிகிறது. சிறு வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் உண்டு. டீக்கடைக்கு இதனால் பாதகமில்லை. வலை நூலும் தக்கையும் ஈயக்குண்டும் விற்கும் கடையில் ஒரு பில்லே 2,000 ரூபாயைத் தாண்டிவிடும். கார்டு மிஷினே வைக்காத கடைக்குள்ளும் கிரெடிட் கார்டின் செலவு இப்படி நுழைகிறது.

பழவேற்காடு ஏரிக் கிராமங்களில் பாடு முறை என்று ஒன்று உண்டு. மீன் நன்றாகப் படும் இடத்தில் யார் வலை கட்டுவது என்பது முறைவைத்துச் சுற்றி வரும். இன்று வாய்ப்பு இல்லாதவருக்கு இன்னொரு நாள் வாய்ப்பு வரும். பாட்டுரிமை இல்லாத சமூகங்களை அது வெளியே நிறுத்துகிறது என்ற குறையும் நியாயமானதே. ஆனாலும் யாருக்கு முறை, யாருக்கு இல்லை என்பது ஊருக்குத் தெரிந்து நடக்கிறது. அதனால்தான் அந்தக் குறையைச் சொல்லவும் சண்டை போடவும் முடிகிறது. புள்ளி ஏற்பாட்டில் ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, இன்னொரு பக்கம் வாங்கிக்கொண்டே இருக்கிறது. முறை மாறுவதும் இல்லை, கொடுப்பவருக்குத் தான் கொடுப்பது தெரிவதும் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது, கார்டு வாங்கும்படி கடைக்காரரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது. கார்டு வாங்கினால் வியாபாரம் கூடுகிறது. கூடியதில் கொஞ்சம் கொடுத்தால் என்ன? தனிக் கடையை மட்டும் பார்த்தால் இது சரி. ஆனால் பக்கத்துக் கடையும் கார்டு வாங்கத் தொடங்கியதும் கூடிய வியாபாரம் திரும்பப் போய்விடும். செலவு மட்டும் இருவருக்கும் நிலைக்கும். சென்னை ரிச்சி தெருவில் மின்னணுப் பொருள் வாங்கப் போனவர்களுக்கு, கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல் என்ற பேச்சு பழக்கம். கார்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களுக்கு அது ஒவ்வாது, வாடிக்கையாளரும் கோபப்படுவார். உண்மையில் அந்தக் கடைக்காரர்தான் செலவை, அது யாரால் வந்ததோ அவரிடமே கேட்கிறார். மறைத்து எல்லோர் விலையிலும் ஏற்றும் கடையை நல்ல கடை என்கிறோம்.

ஏழைக்கும் கார்டு சலுகை உண்டே என்று இன்னொரு வாதம் வரும். மீனவர்களுக்கும் நீட்டிக்கப்பட்ட கிசான் கிரெடிட் கார்டில் 7 சதவீத வட்டியில் கடன் கிடைக்கிறது. தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம்தான் விழும். அது மானியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது பட்ஜெட்டில் எழுதப்பட்ட மானியம். அதன் உச்சவரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டபோது நாடே கேட்டது. வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் வாதிட முடிந்தது. யுபிஐயின் செலவும் அப்படியே. சிறு தொகைப் பரிமாற்றங்களுக்கு வங்கிகளுக்கு ஈடுகட்ட 2024–25க்கு 1,500 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை வெளிப்படையாக முடிவெடுத்தது. பிசினஸ் கிளாஸ் என்ற சொகுசுப் பயணத்தின் ஜிஎஸ்டியை அரசு 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆக்கியது. அந்தச் சொகுசுக்குக் கடைத்தெரு கொடுக்கும் மானியம் மட்டும் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

புள்ளி என் உழைப்பின் பலன் என்பவர்களுக்கு, அதைத் தருபவர்களே பதில் சொல்லிவிட்டார்கள். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 புள்ளிக்கு 4 மைல் கிடைத்துவந்தது. 2023 செப்டம்பர் முதல் சாதாரண வாடிக்கையாளருக்கு அது 2 மைலாகச் சுருங்கியது. உழைத்துச் சேர்த்த சொத்தை ஓர் அறிவிப்பால் பாதியாக்க முடியாது. வங்கிக்குக் கட்டுப்படியாகும் வரை நீடிக்கும் ஊக்கத்தொகைக்கு உரிமை என்று பெயர் வைப்பதில் பொருளில்லை.

வரம்பு வைத்தால் கடைக்காரர் விலையைக் குறைக்கவா போகிறார், லாபத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார் என்பது கடைசி எதிர்ப்பு. ஓரளவு உண்மை, 2 சதவீதம் குறைந்த மறுநாளே மிக்சியின் விலை 2 சதவீதம் இறங்கிவிடாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கிரெடிட் கார்டுக்கு வங்கிகளுக்கு இடையிலான கட்டணத்தை 0.3 சதவீதத்தில் நிறுத்திய பிறகும் அங்கே கார்டுப் புழக்கம் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியா 2003இல் அதே கட்டணத்தை ஏறத்தாழ 0.95இலிருந்து 0.55 சதவீதமாகக் குறைத்தபோது புள்ளிகள் மெலிந்தன, கார்டுகள் மறையவில்லை. விலை முழுதாக இறங்காவிட்டாலும் அந்தக் காசு கும்மிடிப்பூண்டிக் கடைக்காரர் கையில் நிற்பது, முகம் தெரியாத ஒருவரின் படுக்கை இருக்கைக்குப் போவதைவிட ஊருக்கு மேல்.

ரிசர்வ் வங்கி டெபிட் கார்டுக்குச் செய்ததையே கிரெடிட் கார்டுக்கும் செய்யலாம். கடன் தருவதற்கும் மோசடியைத் தடுப்பதற்கும் ஆகும் செலவை ஈடுகட்டும் அளவுக்குப் பிடித்தம் இருக்கட்டும்; புள்ளிக்கான காசு அதில் அடங்க வேண்டாம். புள்ளி வேண்டும் என்பவர் ஆண்டுக் கட்டணமாகக் கொடுத்து வாங்கட்டும். அப்போதும் கெட்டிக்காரர்களின் கணக்குக்கு வேலை இருக்கும். இதைச் செய்வதற்கு இன்றைய நாளைவிட வசதியான நாள் வராது. கியூஆர் வழியாகக் கிரெடிட் கார்டு கிராமத்துக் கடை வரை பரவி, 10 கோடி கார்டுகள் 20 கோடி ஆன பிறகு வரம்பைப் பற்றிப் பேசினால், எதிர்த்து நிற்பவை வங்கிகள் மட்டுமாக இருக்காது. புள்ளிக்குப் பழகிப்போன, குரல் எடுபடும் வர்க்கம் முழுவதும் சேர்ந்து நிற்கும். அந்தப் பக்கம் பேச ஆயிரம் பேர் இருப்பார்கள். தான் என்ன கொடுக்கிறோம் என்றே தெரியாதவர் பக்கம் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.