கழுகின் வீட்டை அறிதல்

ஒரு தேசம் தன் முத்திரையில் ஒரு பட்சியைப் பொறித்துக் கொள்வது சுலபம். அந்தப் பட்சிக்கு ஒரு மரத்தை விட்டுவைப்பது அவ்வளவு சுலபமன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1782-ஆம் வருஷத்திலேயே வெண்தலைக் கழுகைத் தேசிய முத்திரையில் ஏற்றிவிட்டன. ஆனால் 1963-இல், அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலான 48 மாகாணங்களில், கூடு கட்டி வாழ்ந்தவை 417 ஜோடிகளே!

துப்பாக்கி ஒரு காரணம். காடழிந்தது மற்றொரு காரணம். இவற்றினும் கொடியது டி.டி.டி. என்னும் பூச்சி மருந்து. அது நீரில் கலந்து, மீனில் ஏறி, மீனைத் தின்ற கழுகின் முட்டையோட்டை மெலியச் செய்தது. அடைகாக்கும் பறவையின் பாரமே முட்டையை நொறுக்கியது. 1972-இல் அம்மருந்து தடுக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு மதிப்பின்படி ஜோடிகள் சுமார் 71,400.

மருந்தைத் தடுக்கச் சட்டம் போதும். கூட்டைக் காக்கவோ, சட்டத்தோடு பழகிய கண்ணும் வேண்டும். வெட்டவேண்டிய மரத்துக்குச் சாயம் பூசுகிறவன் கூட்டை அறியாதவனானால், 1940-இலேயே இயற்றப்பட்ட கழுகுப் பாதுகாப்புச் சட்டம் என்ன செய்யும்? ஆகையால் காட்டு உத்தியோகஸ்தருக்கும் மரம் வெட்டுவோருக்கும் பாதை போடுவோருக்கும் இதைக் கற்பித்தல் அவசியமாகிறது.

முதற் பாடம், மரத்தை அறிவது. ஏரிக்கோ ஆற்றுக்கோ அருகில், சுற்றியுள்ளவற்றிற்கு மேலே தலை நீட்டி, பெருங்கவை தாங்கி நிற்கும் கிழ மரமே கழுகுக்கு உகந்தது. இன்று அதில் கூடு இல்லாவிடினும், நாளைய கூட்டுக்கு அதுவே இடம்.

இரண்டாவது, கூட்டை அறிவது. விரால் அடிப்பான் பெரும்பாலும் மரத்தின் உச்சியிலேயே கட்டும்; கழுகு உச்சிக்குச் சற்றுக் கீழே, கவையில் கட்டும். வருஷந்தோறும் சுள்ளி சேர்ப்பதால் கூடு வளர்ந்துகொண்டே போகும். பிளாரிடாவில் அளக்கப்பட்ட ஒன்று 20 அடி ஆழம் இருந்ததாம்! ஒரே ஜோடிக்கு இரண்டு மூன்று கூடுகள் இருப்பதும் உண்டு. ஆதலால் காலியான கூடு கைவிட்ட கூடாகாது.

மூன்றாவது, தூரமும் காலமும். 2007-ஆம் வருஷத்து வழிகாட்டுதலின்படி, கூட்டிலிருந்து 330 அடிக்குள் எக்காலத்தும் பெருமரங்களை வெட்டலாகாது. 660 அடிக்குள், இனவிருத்திக் காலத்தில் மரம் வெட்டும் வேலையும் பாதை வேலையும் கூடா. தாய் வெருண்டு எழுந்தால், முட்டை குளிரில் விறைக்கும்; காக்கைக்கும் இரையாகும். பறக்கும் பருவத்தை நெருங்கிய குஞ்சோ, பயந்து குதித்து மாளும். அக்காலமும் எங்கும் ஒன்றன்று. பிளாரிடாவில் குளிர்காலம், வடக்கே வசந்தம்.

இதனால் பிழைப்புக் கெடாதோ என்று கேட்கலாம். அறியாதவனுக்குத்தான் அந்தப் பயம். சட்டத்துக்கு அஞ்சிக் காடு முழுவதையும் விடுவான். அல்லது கூட்டை மறைத்து மரத்தை வீழ்த்துவான். கற்றவனோ சில மரங்களை நிறுத்தி, கூட்டருகே உள்ள வேலையைச் சில மாதங்கள் தள்ளிவைத்து, மற்றதைத் தாராளமாகச் செய்வான்.

முத்திரையில் ஏறி 242 வருஷங்கள் கழித்து, 2024 டிசம்பரில்தான் வெண்தலைக் கழுகு சட்டப்படி அமெரிக்காவின் தேசியப் பறவையாயிற்று. பட்டம் வர இத்தனை காலம் தாமதித்ததால் கழுகுக்கு நஷ்டமில்லை. கோடரி எடுத்தவன் ஒரு கணம் அண்ணாந்து பார்க்கக் கற்றானே, அதுவே அதற்குக் கிடைத்த மெய்யான மரியாதை.