கண் மங்கிய நாயைக் கைவிடலாமா?

நெய்வேலி நகரியத்தில் பணி ஓய்வு பெறுவோர் நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்தாக வேண்டும். சாமான்கள் லாரியில் ஏறும் நேரத்தில், கண்ணில் புரை விழுந்த வயதான பொமரேனியனை மட்டும் என்ன செய்வதென்று தயங்குவோர் உண்டு. இந்தத் தயக்கம் தேவையற்றது.

நாய் பெரிதும் நம்புவது மூக்கையும் காதையுமே. பார்வை போனாலும் பழகிய வீட்டில் நன்றாக நடமாடும். இடம் மாறும்போதுதான் தடுமாறும். எனவே புது வீட்டில் முதல் சில நாட்கள் ஒரே அறையில் வைத்துப் பழக்க வேண்டும். பிறகு வாரில் பிடித்து மற்ற அறைகளுக்கு அழைத்துச் செல்லலாம். தண்ணீர்க் கிண்ணத்தையும் படுக்கையையும் இடம் மாற்றக் கூடாது. படிக்கட்டு, கிணறு, தொட்டி ஆகியவற்றுக்குத் தடுப்பு அவசியம். தொடுமுன் பெயர் சொல்லி அழைத்தால் மிரண்டு கடிக்காது.

கண் வெளிறித் தெரிவதெல்லாம் புரையன்று. மூப்பினால் கண்வில்லை இறுகினாலும் அவ்வாறே தோன்றும். அதனால் பார்வை அதிகம் கெடாது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது; அறுவைச் சிகிச்சையே வழி. விழித்திரை நலமாயிருந்தால்தான் அதுவும் பயன்படும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவு உள்ளது. நாய் அதிகமாகத் தண்ணீர் குடித்து இளைத்துவந்தால் நீரிழிவுக்குச் சோதிக்க வேண்டும். கண் சிவந்து வலித்தால் தாமதம் கூடாது.

வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், இத்தனை ஆண்டுகள் வாசலைக் காத்த நாய்க்குப் புது வாசலைப் பழக்கிவிடச் சில நாட்கள் செலவிடுவது பெரிய காரியமா?