கைத்தொலைபேசி கேட்காத கேள்வி

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் திருகோணமலை நகரின் ரியூசன் வகுப்புகள் நிரம்பிவிடுகின்றன. கட்டணம் கட்ட வழியில்லாத பெற்றோர், கைத்தொலைபேசியில் ஒரு பயிற்சிச் செயலியைப் போட்டுப் பிள்ளையிடம் கொடுக்கின்றனர். அது போதுமா என்பதை நாம் ஆறுதலாகச் சிந்திக்க வேண்டும்.

இப்பரீட்சையின் இரு வினாத்தாள்களில் ஒன்று நுண்ணறிவைச் சோதிக்கிறது. ஓர் அம்புக்குறி முதலில் மேலே, பின் வலப்புறம், பின் கீழே பார்க்கிறது, அடுத்தது எப்பக்கம்? இடப்புறம். இத்தகைய வினாக்கள் பின்னாளில் அரச வேலைக்கான போட்டிப் பரீட்சைகளிலும் வருகின்றன. எனவே இது ஒரு நாளோடு முடியும் காரியமல்ல.

இங்கே புள்ளி குறைந்தால் "பிள்ளைக்கு மூளை இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். இது பெருந்தவறு. 1930களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தான் விவசாயிகளிடம் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் ஒரு புதிர் போட்டார். பனி நிறைந்த வடபுலத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை. அங்குள்ள ஓர் ஊரில் கரடி என்ன நிறம்? கண்ணால் காணாததைச் சொல்ல முடியாதென்று பலர் மறுத்தனர். சிறிது காலம் பள்ளி சென்றவர்களோ இலகுவில் விடை சொன்னார்கள். குறைந்திருந்தது அறிவல்ல, பழக்கம். ஜேம்ஸ் ஃபிளின் என்ற அறிஞர் 1987இல் 14 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டபோது, இத்தகைய சோதனைகளில் தலைமுறைக்குத் தலைமுறை புள்ளிகள் உயர்ந்திருந்தன. ஒரு தலைமுறைக்குள் பிறவி மூளை மாறிவிடுமா? வாழும் சூழலே மாறியது.

2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த சிறுவர் பலர் இன்று பெற்றோராகியுள்ளனர். அறுந்துபோன தம் படிப்பை எண்ணி, "எங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்குகின்றனர். பழக்கம்தான் வேண்டுமென்றால் அதை வீட்டிலும் உண்டாக்கலாம் அல்லவா?

செயலி நல்ல கருவிதான். வினாவின் அமைப்பைப் பழக்கும்; நேரத்தை அளக்கும். பல செயலிகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் உருவங்களுக்கு மொழி தேவையில்லை. ஆனால் அது மூளையையே வளர்த்துவிடும் என்ற விளம்பரத்தை நம்பவேண்டாம். அப்படி ஆதாரமின்றி விளம்பரம் செய்த லுமோசிட்டி நிறுவனம், 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுக்கு 20 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. மேலும், விடை சரியா பிழையா என்று செயலி சொல்லும். பிள்ளை ஊகித்துத் தொட்டதா, விளங்கித் தொட்டதா என்று அதற்குத் தெரியாது.

அதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே. நாளுக்கு அரை மணி நேரம் போதும். "ஏன் இந்த விடை?" என்று தாயோ தகப்பனோ கேட்கட்டும். பிள்ளை தாளில் கீறி விளக்கட்டும். கேட்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோலத்தின் பாதியைப் போட்டு மீதியை முடிக்கச் சொல்லலாம். பாய் இழைக்கும்போது அடுத்த நிறம் எது என்று கேட்கலாம். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் முறை வரும் என்று கணக்கிடச் சொல்லலாம். இவையும் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் பயிற்சிகளே.

வீட்டுக்கொரு தொலைபேசி இல்லாவிட்டால் நாலைந்து பிள்ளைகளை வாசிகசாலையிலோ ஆலய மண்டபத்திலோ ஒன்றுகூட்டுவோம். ஒரு தொலைபேசி, கடந்தகால வினாத்தாள்கள் சில, உயர்வகுப்பு மாணவர் ஒருவர் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். காணியை இழந்த நாம், பிள்ளைகள் மீதுள்ள நம்பிக்கையையும் இழந்துவிடலாகாது.